பாதியில் நின்ற பாடம்

ஆண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்த அறிவியல் டீச்சருக்கு ஒரே கேள்வியில் மனசு சிக்கிக்கொண்டது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது? ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுக்கும் அவள்தான் பாடம் எடுத்தாள். முதல் பிரிவுப் பிள்ளைகள் புத்தக வரியைப் பாதி மறந்து ஒப்பித்திருந்தார்கள். இரண்டாம் பிரிவிலோ ஏறக்குறைய எல்லாருமே சரி. மற்ற கேள்விகளிலெல்லாம் கோட்டை விட்ட கூட்டம் அது.

பக்கத்து மேசையில் கணக்கு வாத்தியார். எதற்கெடுத்தாலும் சூத்திரம் சொல்வதால் பள்ளியில் அவர் பெயரே சூத்திரம்தான். இதில் என்ன ஆராய்ச்சி, ஒருத்தனைப் பார்த்து எல்லாரும் எழுதியிருப்பார்கள் என்றார். காப்பியடித்தால் வாக்கியமும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று அவள் கேட்டாள். ஒருத்தி, காற்றில் அலையும் தண்ணீர் குளிர்ச்சியைக் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் எழுதவே இல்லை, படம் போட்டிருந்தான். படமும் சரி.

விடுமுறை விடுவதற்குள் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நேராக இரண்டாம் பிரிவுக்குப் போய், இந்த ஒரு கேள்வியை மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக எழுதினீர்கள் என்று கேட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் முன்வரிசை வாயாடி எழுந்தாள்.

"நீங்க அதுக்குப் பதிலே சொல்லலையே, டீச்சர்."

டீச்சருக்கு நினைவு வந்தது. கேள்வியைக் கேட்டு முடித்த நேரம் தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்து, எல்லாரும் மைதானத்துக்கு ஓடினார்கள். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு. திரும்பி வந்தவள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். டம்ளர் கசிகிறது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. வாயாடி வீட்டில் ஐஸ் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து வைத்துப் பார்த்தாள். வெளியே அரும்பிய துளியில் சிவப்பே இல்லை; கசிவுக் கட்சி தோற்றது. பிறகு மளிகைக் கடைக்காரர் மகன் ஐஸ் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி அப்பாவின் தராசில் வைத்தான். பாட்டில் நனைய நனைய எடை ஏறியது. வெளியிலிருந்துதான் வருகிறது என்று அன்றைக்கு முடிவாயிற்று.

"இவ்வளவும் பண்ணிருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களே, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை அவளோடேயே ஆசிரியர் கூட்டத்துக்கும் வந்தது.

இந்த ஆண்டு தொழிலில் நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள் என்று தலைமையாசிரியை ஒவ்வொருவராகக் கேட்டார். மற்றவர்கள் போய்வந்த பயிற்சி வகுப்புகளைச் சொன்னார்கள். சொல்லிக்கொள்ள அவளுக்கும் பயிற்சிகள் இருந்தன. அவள் டம்ளர் கதையைச் சொன்னாள்.

அப்போ எல்லாப் பாடத்தையும் அந்தரத்தில் விட்டுவிடலாமா என்றார் தலைமையாசிரியை, பாதி கேலியாக.

"தெரியலை, மேடம். அதைத்தான் தெரிஞ்சுக்கணும். இதே பிள்ளைங்களை எட்டாம் வகுப்புக்கும் எனக்கே குடுங்க."

தலைமையாசிரியை சற்று யோசித்துச் சம்மதித்தார். ஆனால் பாடத்திட்டம் மட்டும் நேரத்துக்கு முடிந்தாக வேண்டும் என்று கறாராகச் சொன்னார்.

மாடிப்படியில் சூத்திரம் அவளைப் பிடித்துக்கொண்டார். முக்கோணப் பாடத்தில் தானும் இதை முயன்று பார்க்கலாமா என்று யோசிக்கிறாராம்.

"ஆனா என்னால வாயை மூடிக்கிட்டு நிக்க முடியுமான்னுதான் சந்தேகம்."

"எனக்கும் அதே சந்தேகம்தான், சார்," என்றாள். என்னைப் பத்தியும்தான் என்று சேர்த்துக்கொண்டாள்.

விடுமுறையின் முதல் காலையே எட்டாம் வகுப்புப் புத்தகம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. லீவிலுமா என்று கணவர் அலுத்துக்கொண்டே தட்டை ஓரமாக வைத்துச் சாப்பிட்டார். அவள் பென்சிலோடு ஒவ்வொரு பாடமாகப் புரட்டினாள். சீக்கிரம் நிறுத்தினால் பிள்ளைகளுக்குச் சண்டை போட விஷயம் இருக்காது. தாமதித்தால் சண்டைக்கு அவசியமே இருக்காது. ஒளி பற்றிய பாடத்தில் ஓர் இடத்தில் கோடு போட்டாள், அழித்தாள், இரண்டு வரி மேலே போட்டாள். எங்கே தொடங்குவது என்று வருஷா வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவள், எங்கே நிறுத்துவது என்று யோசித்தது இதுதான் முதல் தடவை.