பேசினால் தோற்கும் அறை

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் குரல், தொலைபேசியில்: "அவங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காம நின்னிருந்தா ரூம் பாஸாயிருக்கும்."

இதைக் கேட்டுவிட்டு எவளால் சும்மா இருக்க முடியும்? பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, எந்த அறை என்று கேட்டேன். சொன்னார். பாதி சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், எழுந்து போய்விட்டார். ஆகவே பாதி அவருடையது, மீதி என் பொறுப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வெள்ளை வெளேரென்ற அந்த அறையில் மருந்துக்குக்கூடத் தூசி இல்லை. அதன் சுவர்களுக்குள் ஆழ்ந்த அமைதி...'

(அடித்துவிட்டேன். இரண்டு வரி போயும் யாரும் பேசவில்லை. ஆட்கள் பேசினால்தான் எனக்குக் கதை நகரும். வருணனை எழுதினால் எனக்கே கொட்டாவி வந்துவிடும்.)

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது சொட்டு மருந்தைக் குப்பியில் அடைப்பதற்காகக் கட்டிய சுத்த அறை. வடிகட்டிய காற்று கூரையிலிருந்து இறங்கி, சுவரின் அடியில் இருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். கட்டி முடித்ததும் சோதனைக்கு ஆள் வருவார். புனல் வைத்த கருவி ஒன்று காற்றை உறிஞ்சி, அதில் மிதக்கும் துகள்களை எண்ணும். அளவு மீறினால் சிவப்பு விளக்கு. முதலில் ஆளில்லாத அறையில் எண்ணுவார்கள். பிறகு ஆட்கள் உள்ளே நின்று வேலை செய்யும்போது எண்ணுவார்கள். இரண்டாவதில்தான் வினை. மனிதன் சும்மா நின்றாலே உதிர்வான்.* பேசினால் கேட்கவே வேண்டாம்.

* தோல், முடி, எச்சில். இது தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

3

சோதனைக்கு வந்தவரை எல்லாரும் மேடம் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே. அறையைக் கட்டிய அண்ணன் தம்பியை மேடத்துக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. காரணம், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சோதனைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சண்டை இதுதான். அண்ணனுக்குச் சுவர் வேலை, தம்பிக்குக் காற்றுக்குழாய் வேலை. காற்று வெளியேறும் திறப்புக்கு இடம் விடாமல் அண்ணன் சுவரை எழுப்பிவிட்டார். தம்பியோ ஒரு வார்த்தை கேட்காமல், பளபளவென்று முடித்து வைத்திருந்த அந்தச் சுவரை அறுத்துத் திறப்பை வைத்துவிட்டார். அன்றோடு நின்றது பேச்சு.

உடை மாற்றும் அறையில் தோள் இடிக்க நின்றுகொண்டு, மேடத்தை நடுவில் வைத்தே பேசினார்கள்.

"மேடம், அவன் மூக்கு வெளிய தெரியுது. மாஸ்க்கை ஏத்திப் போடச் சொல்லுங்க."

"மேடம், என் மூக்கைப் பத்தி எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

"அந்த மூக்கைத் துடைச்சுவிட்டு வளர்த்ததே நான்தான்னு சொல்லுங்க மேடம்."

மேடம் எதையும் யாருக்கும் சொல்லவில்லை. இருவருக்கும் தலையுறையை இழுத்துக் கட்டினார். ஆளுக்கு இரண்டு கண்கள் மட்டும் மிஞ்சின.

4

ஆலை இன்னும் ஆள் எடுக்கவில்லை. வேலையாட்களுக்குப் பதிலாக இவர்களே நின்று வெறும் குப்பிகளை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை தோற்ற அறை. இன்றும் தோற்றால் இவர்களை அனுப்பிவிடுவோம், இனிக் கட்டப்போகும் அறைகளும் வேறு ஆளுக்குத்தான் என்று ஆலை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

(இந்த மேலாளர்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. கதைக்கு அவசரம் வேண்டுமே என்று பிடித்து வந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியதால் வசனமும் இல்லை. பாவம், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதோடு சரி.)

கருவி எண்ணியது. ஓரிடம் பச்சை, அடுத்த இடம் பச்சை. கடைசி இடம். அண்ணன் குப்பியை எடுத்தார், வைத்தார், எடுத்தார், லேசாகத் தள்ளாடினார். அந்த உடைக்குள் வெந்துபோயிருப்பார்.

"அண்ணே, மூச்சு வாங்குதா?"

தம்பிதான். மேடம் கை காட்டி அடக்குவதற்குள், பதில் தம்பிக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று அண்ணன் முகமூடியை இறக்கிவிட்டுக் குனிந்தார். வாய் நேராகப் புனலுக்கு மேல்.

"இப்பதான் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதா?"

சிவப்பு.

5

காரணம் கண்ணெதிரே தெரிந்தால் அதை நீக்கிவிட்டு அந்த இடத்தை மறுபடி எண்ணலாம். மேலாளரும் சரி, ஒரே தடவைதான் என்று ஒரு விரலைக் காட்டினார். உடனே எண்ண வேண்டும் என்று கடிகாரத்தையும் தட்டினார். மேடம் அண்ணனின் முகமூடியை இழுத்து ஏற்றிவிட்டார். வாய் நின்றபாடில்லை. பேசப் பேச முகமூடியின் ஓரத்தில் கசியும்.

ஒரு முடிவு: மேடம் உஸ் என்கிறார். வாய்கள் மூடுகின்றன, பச்சை எரிகிறது, அறை தேறுகிறது. அண்ணன் ஒரு வாசல் வழியாகவும் தம்பி இன்னொரு வாசல் வழியாகவும்

(பாதியில் விட்டுவிட்டேன். கை ஓடவில்லை.)

இன்னொரு முடிவு: மேடம் பேசவிடுகிறார். மேலாளர் போய்விடுகிறார். ராசியான அண்ணனும் தம்பியும் வேலையில்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எழுதும்போது அண்ணன் என்னிடமே திரும்பிக் கேட்டார்: "சாப்பாட்டுக்கு என்ன வழின்னும் நீங்களே எழுதிடுங்கம்மா."

மூன்றாவது உங்கள் வாயிலேயே இருக்கிறது. இப்போது சும்மா நிற்கட்டும், வெளியே போய்ப் பேசிக்கொள்ளட்டும் என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். வெளியே வந்தார்கள். தலையுறையைக் கழற்றினார்கள். முகம் தெரிந்தது. அவ்வளவுதான்.

"மேடம், தண்ணி வேணுமான்னு அவனைக் கேளுங்க."

6

ஆக, நிலவரம் இது. மேடத்தின் விரல், மறுபடி எண்ணத் தொடங்கும் பொத்தான்மேல் இருக்கிறது. மேலாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகுகிறார். உள்ளே அண்ணன், கண்கள் மட்டும் வெளியே தெரிய:

"நீ அந்தச் சுவத்தை அறுக்கலேன்னா இந்த ரூம்ல காத்தே வெளிய போயிருக்காதுடா. எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்ல வாய் வரல."

மேடம் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். இவர்கள் பேசினால் அறை போச்சு, பேசாவிட்டால் என் கதை போச்சு. இப்படி ஒரு பக்கம் சாய்ந்தவள் தீர்ப்புச் சொல்வது முறையில்லை. பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

அழுத்துமுன் ஒன்று மட்டும். தம்பி இப்போதுதான் வாயெடுக்கிறார்.