வயது எழுபத்து நான்கு, மகன் இல்லை

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் தர்மன். பெயரை நம்பி ஏமாந்தவர்கள் அரசாங்கத்தில் நிறையப் பேர். என் மனுவைப் படித்தால் கல்லும் கரையும், தாசில்தார் எம்மாத்திரம் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

தொண்ணூற்றிரண்டில் என் அம்மா செல்லியம்மாளுக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்றோ என்னவோ. அறுபத்தைந்து என்று எழுதினேன். சம்பாதிக்கிற பிள்ளை இருந்தால் பென்ஷன் கிடையாது. அதனால் ‘மகன் இல்லை, ஆதரவற்றவர்’ என்று என்னையும் ஒரே வரியில் தீர்த்துக்கட்டினேன். எங்கள் ஊர் ஓரிக்கையில் பாதிப் பேருக்கு இப்படி நான்தான் வயதைக் கூட்டியவன்.

ஒன்பது வருடம் கழித்து அம்மாவின் மார்பில் கட்டி வந்தது. கேன்சர் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்க அந்தப் பென்ஷன் அட்டையையே நீட்டினோம். அட்டையில்தான் மகன் இல்லையே, நான் பக்கத்து வீட்டுக்காரன் ஆகிவிட்டேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள், நர்ஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, ஊட்ல உங்கம்மா சவுக்கியமா?” என்று என்னைக் கேட்டாள். கிழவியின் நடிப்பு மயக்க மருந்துக்கும் அசரவில்லை.

தையல் பிரித்த அன்று டாக்டர் ஸுபத்ரா எங்களைக் கூப்பிட்டார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், கறாரான ஆள். மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. வயது, கட்டியின் அளவு, ரகம் எல்லாவற்றையும் தட்டினால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று சொல்லுமாம்.

“இது வேகமா பரவுற ரகம்,” என்றார் என்னிடம். “எழுபத்து நாலு வயசுல இவங்கள மாதிரி நூறு பேர் இருந்தா, அஞ்சு வருஷம் கழிச்சு முப்பது பேர் இருப்பாங்க. கீமோ குடுத்தா கூடும். ஆனா இந்த வயசுல தாங்கறது கஷ்டம். தனியா வேற இருக்காங்க. திடீர்னு ஜுரம் வந்தா யாரு தூக்கிட்டு வருவா? கீமோ வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

அவர் சொன்ன காரணங்கள் இரண்டும் நான் எழுதியவை.

“டாக்டர், அது பொய்,” என்றேன். “அந்த மனுவை எழுதினவன் நான்தான். இவங்க எங்கம்மா.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “இந்தத் தம்பிக்கு மண்ட கொயம்பிப் போச்சி மா. நீ கண்டுக்காத.”

“ஏம்மா, சும்மா இரு!”

டாக்டர் எங்கள் இருவர் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே அச்சு. “எழுபத்து நாலு வயசு ஆளு மாடிப்படி ஏறி வந்து என்கிட்ட சண்டை போடறாங்களேன்னு அப்பவே நினைச்சேன்,” என்றார். “சரி, நிஜ வயசு என்னம்மா?”

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “அத்திவரதரு கொளத்த வுட்டு வெளிய வந்தாரே, போன தபா இல்ல, அதுக்கு மிந்தின தபா. அப்ப எங்கம்மா வயித்துல நான் ஒம்போது மாசம். எங்க ஆளுங்கள உள்ள வுடல. வெளிய நின்னு வண்டிமாட்டுக்குப் புல்லு வித்துக்கினு இருந்துச்சாம்.”

நாற்பது வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிற பெருமாள். சின்ன காஞ்சிபுரத்தில் யாருக்கும் அந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். “முப்பத்தொன்பதாம் வருஷம்,” என்றார் டாக்டர் உடனே. உள்ளே விடாத சாமிதான் கடைசியில் அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்.

டாக்டர் அறுபத்திரண்டு என்று தட்டினார். “கீமோவோட, நூத்துக்கு ஐம்பத்தஞ்சு.”

“வயசக் கொறச்சா ஆளு கூடுதா? அப்ப இருவது போடு மா.”

டாக்டர் சிரித்துவிட்டார். “இது ஜோசியம் இல்லம்மா. அந்த ஐம்பத்தஞ்சுல நீங்க இருப்பீங்களான்னு இதுக்குத் தெரியாது.”

“அது எனக்குந்தான் தெரியாது. இதுக்கு இன்னாத்துக்கு கரண்டு செலவு?”

கீமோ கொடுக்கலாம் என்றார். ஆனால் ஃபைலில் வயதை மாற்றப் பிரமாணப் பத்திரம் வேண்டும். பத்திரம் எழுதினால் பென்ஷன் போகும், பொய் மனு போட்டவன் மீது கேஸும் வரலாம். வெளியே வந்ததும் அம்மா அழுதுவிட்டாள். “வேணான்டா. உன்ன புட்ச்சிக்கினு பூடுவாங்க. நான் அந்த முப்பதுலயே இருந்துக்கறேன்.” இதற்காகத்தான் அவ்வளவு நேரம் என்னைத் தம்பி என்றாளா? எனக்குத் தாங்கவில்லை.

“புடிச்சா புடிக்கட்டும்,” என்றேன்.

பத்திரத்தை நானே டைப் அடித்தேன். கரைய வைக்கும் வார்த்தை ஒன்றுகூடப் போடவில்லை. படிக்கத் தெரியாதவள் என்பதால் வாசித்துக் காட்டினேன். “செல்லியம்மாள், வயது அறுபத்திரண்டு. இவருக்கு ஒரு மகன் உண்டு. பெயர் தர்மன். தாயை உடனிருந்து கவனித்துக்கொள்பவர்.”

“வயசு கெடக்கட்டும். அதுக்கு அடுத்தாப்ல இருக்கறத இன்னொரு தபா படி.”

படித்தேன்.

“உன்ன மொதோ தபா பெக்கறதுக்குப் பத்து மாசம்,” என்றாள் அம்மா, கட்டைவிரலை மையில் அழுத்திக்கொண்டே. “இந்த தபா ஒம்போது வருசம்.”