வெட்டக் கூடாத கீரை

பழக்கதோஷம் என்பது சும்மா சொன்ன வார்த்தையில்லை. ஆறு மாதமாகக் கையில் அகப்பட்டதையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, மசித்து, அப்பாவுக்கென்று கூழாக்கிய கை, வருஷக் கடைசி நாள் மத்தியானமும் தன் பாட்டுக்குக் கத்தியை எடுத்தது. பீயுன் கீரையைக் கழுவினாள், பலகையில் கிடத்தினாள், ஒரே போடு. முழங்கை நீளக் கடுகுக்கீரை இலை ஒன்று இரண்டாக விழுந்த பிறகுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

அதற்குள் சமையலறை வாசலில் நின்ற பெரியத்தை பார்த்துவிட்டாள்.

"ஐயையோ! யாரு ஆயுசுலடி கத்தி வைக்கிற?"

பெரியத்தை அப்பாவின் அக்கா. எண்பத்திரண்டு வயது. இரண்டு சந்து தள்ளி மகன் வீட்டில் இருக்கிறாள். மூதாதையர் படையலில் எதுவும் குறை வைத்துவிடக் கூடாதே என்று லுவோதுங் ஊர் மழையில் நனைந்துகொண்டு மேற்பார்வைக்கு வந்திருந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை, அப்படியே உள்ளே வந்துவிட்டாள்.

"நெடுவருஷக் கீரைன்னு பேரு எதுக்குடி வச்சிருக்காங்க? அடியிலேர்ந்து நுனி வரைக்கும் கத்தி படக் கூடாது. பல்லு கூடப் படக் கூடாது, அப்படியே முழுசா உள்ள இழுக்கணும். புள்ளைங்க திங்கத் திங்கத்தான் பெத்தவங்களுக்கு ஆயுசு நீளும். நாப்பத்தேழு வயசாகுது, கல்யாணந்தான் பண்ணிக்கல, இது கூடவா தெரியல?"

"தெரியும் அத்தை. கை தவறிடுச்சு."

"கை தவறிடுச்சாம்! இருக்கறது ஒரே ஒரு அப்பன்..." சொல்லிவிட்டு அத்தையே வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்குக் கெட்ட பேச்சு பேசினால் வருஷம் முழுக்கப் பலிக்கும். மூன்று முறை தரையில் துப்புவது போல் பாவனை செய்துவிட்டு, "வேற கீரை இருக்கா?" என்றாள்.

எங்கே இருக்கிறது? இந்த வருஷம் ஓயாத மழை, வயலிலேயே பாதி அழுகிப்போனது. காலையில் சந்தையில் அடித்துப் பிடித்து வாங்கியது ஒரே ஒரு கட்டு. சிவப்புக் காகிதம் சுற்றி, கட்டுக்கு மூன்றே இலை. அப்பாவுக்கு ஒன்று, தம்பி சுங்யுவானுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இப்போது சந்தையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள்.

பெரியத்தை சளைக்கவில்லை. பூண்டுத்தாள் ஒன்றை வெந்நீரில் காட்டித் துவளவைத்தாள். வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகளையும் வெட்டுவாயோடு வெட்டுவாய் ஒட்டவைத்து, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப் போடுவது போல் சுற்றி முடிந்தாள். கீரையும் பச்சை, கட்டும் பச்சை. தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லைதான்.

"இதை உங்கப்பன் தட்டுல வை. அவன் எங்க திங்கப் போறான்? முழுசா இருக்கறதை நீயும் தம்பியும் தின்னுங்க. புள்ளைங்க திங்கறதுதான் கணக்கு." குடையை விரித்தவள் திரும்பி, "மூடி போட்டு வேக வைக்காதே, மஞ்சளாயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் எங்க திங்கப் போறான். அத்தை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பீயுனுக்கு இன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா வாய்வழியாக அரைக் கிண்ணம் சாப்பிட வேண்டும். புது வருஷத்தை வீட்டில் கொண்டாட ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள், எந்த வேளைக்கு எவ்வளவு உள்ளே போனது என்று எழுத. நாளை மத்தியானம் திரும்பிப் போகும்போது அந்தத் தாளில் ஒரு வேளையாவது அரைக் கிண்ணம் என்று இல்லாவிட்டால் மூக்கில் மறுபடி குழாய். ஏற்கெனவே இரண்டு முறை அப்பா குழாயைப் பிடுங்கி எறிந்தாயிற்று. அதனால் இந்தத் தடவை குழாயோடு கையுறையும் உண்டு. பிங்பாங் மட்டை போல் தட்டையாக இருக்கும் அதை மாட்டி, இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். போன மாதம் ஒன்பது நாள் அப்படிக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் அப்பா யாரையும் திட்டவில்லை. மகளைப் பார்த்து அழுதார், அவ்வளவுதான். நாற்பது வருஷம் மரம் அறுத்த கை அது.

"இனிமே கட்ட விடமாட்டேன்ப்பா," என்று சத்தியம் செய்திருந்தாள் பீயுன். சத்தியம் செய்வது சுலபம். தாளில் இதுவரை ஐந்து வேளைக்கு ஐந்து சைபர்.

பக்கவாதம் இடது பக்கத்தைச் சாய்த்திருந்தாலும் தொண்டை மோசமில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூழாக்கிக் கொடுத்தால் மெதுவாக இறங்குமாம். தொண்டை ஒத்துழைத்து என்ன, மனுஷன் ஒத்துழைக்க வேண்டாமா? கரண்டி கிட்டே போனால் உதட்டைப் பூட்டிக்கொள்கிறார். அவ்வளவு பிடிவாதம்.

படையலுக்கு வேகவைத்த கோழியின் சாறு பெரிய பானையில் இருந்தது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் மூன்று இலைகளையும் உடையாமல் வளைத்து, பாப்பாவைத் தொட்டிலில் போடுவது போல் இறக்கினாள். மூடி போடவில்லை. தண்டு பளபளவென்று ஆகிறவரை கிளறாமல், கரண்டியால் சாற்றை மேலே மேலே மொண்டு ஊற்றினாள். கசப்பு வாசனை எழுந்து சமையலறையை நிறைத்தது. அம்மா போன வருஷம் இதே அடுப்பில் இதே கீரையை இறக்கிவிட்டு, ஐந்தாவது மாதம் போய்விட்டாள். அந்த வருஷம் பீயுன் ஒரு நுனி விடாமல் முழுசாகத்தான் தின்றிருந்தாள். அதை நினைத்தபோது பானையையே கவிழ்த்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

ஆறு மணிக்குத் தம்பியின் போன் வந்தது. "அக்கா, சுரங்கப்பாதைக்குள்ள நிக்கறேன். வண்டி நகரவே மாட்டேங்குது. அப்பா சாப்பிட்டாரா?"

"இனிமேதான்."

"பாரு அக்கா, சாப்பிடலைன்னா விட்டுடு. குழாய் போட்டுக்கலாம். நீயும் எத்தனை நாள் மல்லுக்கட்டுவ?"

"நீ பாத்து வா," என்று போனை வைத்தாள்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் வட்ட மேஜைக்குத் தள்ளி வந்தாள். சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள் அவருக்கு, கழுத்துக்குத் துண்டு. மேஜை நிறைய இருந்தது. கோழி, பொரித்த மீன், வாத்து வற்றல், நடுவில் கீரைத் தட்டு. அவருக்கென்று தனியாக மூன்று கிண்ணம். மீன் கூழ், ஆவியில் வேகவைத்த முட்டை, கோழிக் கஞ்சி.

"அப்பா, மீனு. முள்ளு ஒண்ணு கூட இல்ல, மூணு தடவை பாத்துட்டேன்."

உதடு பூட்டு.

"சரி, முட்டை. வழவழன்னு இருக்கு பாருங்க. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

தலையைத் திருப்பிக்கொண்டார். கன்னத்தில் பட்ட முட்டை துண்டில் வழிந்தது.

"கஞ்சியாவது குடிங்களேன்! உப்பு போட்டிருக்கேன், ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இல்ல. என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!" கத்திவிட்டாள். கத்தியதும் பயமாகிவிட்டது, கரண்டியை வைத்துவிட்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நாளைக்குக் கையைக் கட்டிடுவாங்கப்பா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்க முடியும். உங்க கால்ல விழறேன். வாயைத் தொறங்க."

அப்பாவின் நல்ல கை அவள் தலையில் வந்து விழுந்தது. தடவிக் கொடுத்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அந்த நிமிஷம் அவரை வெறுத்தாள் பீயுன். தன்னையும் வெறுத்தாள்.

வேறு வழி தெரியாமல், அத்தை சொன்னபடி கட்டுப் போட்ட கீரையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். சம்பிரதாயத்துக்காவது இருக்கட்டும். வைக்கும்போது பூண்டுத்தாள் முடிச்சு நழுவியது. கீரை இரண்டாகப் பிரிந்து, வெட்டுவாய் பளிச்சென்று தெரிய, தட்டின் இரு பக்கமும் விழுந்தது.

ஐயோ என்று அவள் அள்ளிச் சேர்க்கப் போனாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"யாரு..." நாக்கு புரளவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "யாரு வெட்டுனா?"

மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. "நான்தான்ப்பா. பழக்கத்துல கத்தி வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

அப்பா தட்டைப் பார்த்தார். வாயின் வலது பக்கம் மட்டும் மேலே ஏறியது. சிரிக்கிறார்! இடது பக்கம் அப்படியே தொங்கியது. பிறகு, பூட்டியிருந்த அந்த வாயைக் குழந்தை போலத் திறந்தார்.

பீயுன் ஒரு கணம் மலைத்துப் போனாள். அடுத்த கணம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துண்டுகளை நசநசவென்று நறுக்கினாள், உரலில் போட்டு மசித்தாள், நாரெல்லாம் போக வடிகட்டினாள், சாறு விட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கெட்டியாக்கும் மாவைக் கலந்து, ஊதி ஊதி ஆற்றி எடுத்து வந்தாள். காத்திருந்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

முதல் கரண்டி. உருட்டினார். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது.

"இறங்கிடுச்சா? இருமல் வரலியே? அப்பா, இறங்கிடுச்சுப்பா!"

இரண்டாவது. மூன்றாவது. சிரிப்பும் அழுகையுமாக ஊட்டினாள். கசக்குமே, கசப்புப் பிடித்திருக்கிறதா, முன்னாடியே சொல்லியிருந்தால் தினம் செய்திருப்பேனே என்று ஏதேதோ உளறினாள். கால் கிண்ணம் போயிற்று. அப்பா நல்ல கையின் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டிக் காட்டினார்.

"இன்னும்... சின்னதா... வெட்டு."

"இதுக்கு மேல என்னப்பா வெட்டறது? மாவா அரைச்சிருக்கேன். தொண்டையில குத்துதா?"

இல்லையென்று தலையாட்டினார். மேஜையில் மீதியிருந்த இரண்டு முழு இலைகளைக் காட்டி, நீளமாக விரலை இழுத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு அவள் கையிலிருந்த கிண்ணத்தைத் தொட்டார்.

"நீளம்... வேணாம்மா. போதும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மீனில்லை, முட்டையில்லை, கஞ்சியில்லை. மகளே தன் கையால் கத்தி வைத்த ஆயுசு என்பதால்தான் வாயைத் திறந்திருக்கிறார். அத்தை கத்திய கத்தல் கூடத்துக்கும் கேட்டிருக்கும்.

கிண்ணத்தில் இன்னும் நாலு கரண்டி இருந்தது. நாலும் போனால் அரைக் கிண்ணம். குழாய் இல்லை, கையுறை இல்லை. நிறுத்திவிட்டால் நாளைக்குக் கை கட்டில் கம்பியோடு. தொடர்ந்தால், தன் கையாலேயே, கரண்டி கரண்டியாக... கடவுளே, இதையா கேட்டேன்? வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை, யாரிடம் கேட்பது? அப்பா பொறுமையாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஊட்டினாள். நாலு கரண்டியும் ஊட்டினாள். துண்டால் வாயைத் துடைத்தாள். தாளை எடுத்து, ஆறாவது வேளைக்கு நேரே அரைக் கிண்ணம் என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

போன் அடித்தது. "அக்கா, சுரங்கத்தை விட்டு வெளிய வந்துட்டேன்! அப்பா என்ன?"

"சாப்பிட்டாரு. அரைக் கிண்ணம்."

"நெஜமாவா! அடேயப்பா! எப்படி அக்கா சாதிச்ச?"

"வெட்டிக் குடுத்தேன்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு முழு இலையைச் சாப்பிடும் குச்சிகளால் தூக்கி, நுனியை வாயில் வைத்தாள். புள்ளைங்க திங்கறதுதான் கணக்கு. கடிக்காமல், பல் படாமல், உதட்டாலேயே உள்ளே உள்ளே இழுத்தாள். கசப்பு. தண்டுப் பக்கம் வந்ததும் தொண்டையில் முட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, குமட்டியது, விடவில்லை. பாதி வாய்க்குள், பாதி வெளியே, முகம் சிவந்து மூச்சுத் திணறியது.

அப்பா பதறிப்போனார். நல்ல கையால் மேஜையைத் தட்டினார்.

"கடி," என்றார். "அடைச்சுக்கும். கடிம்மா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல் விழுங்கினாள். கடைசித் துணுக்கும் இறங்கியதும், தம்பிக்கு வைத்திருந்த இலையையும் எடுத்தாள்.