பிரிக்காத அட்டை

பிரிக்காத மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அன்றைக்குக் காலையில் ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவைத் திறந்தேன். போன வாரம் பிரிக்காமல் எடுத்துவைத்த பழைய அட்டை இரண்டும் பிரிந்து கிடந்தன.

என் வீட்டுக்காரர் துலுக்கானம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிரஷருக்குத் தினமும் காலையில் இரண்டு மாத்திரை. போன வாரம் டாக்டர் அந்த இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றி எழுதினார். "ரெண்டும் இதுக்குள்ளயே கீதாம்" என்று நானும் சொன்னேன். "இத்துனூண்டுக்குள்ளயா?" என்று சிரித்தார் மனுஷன். இப்போது புது அட்டையைப் பார்த்தால் அதிலும் தினம் ஒன்று குறைந்திருந்தது. அடப்பாவி மனுஷா, பழசையும் புதுசையும் சேர்த்தா முழுங்குகிறாய்!

இரண்டு நாளாகத் தலை கிறுகிறுவென்று வருகிறது என்றார். "வெறும் வயித்தோட வெயில்ல சுத்துனா வேற இன்னா பண்ணும்?" என்று காலையில் திட்டி அனுப்பியிருந்தேன். வெயில் இல்லை, மாத்திரைதான் என்று இப்போது புரிந்தது. வேனில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கும் நேரம்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவளே நான்தானே.

மேனாம்பேட்டில் காவ்யா வீடுதான் கடைசி நிறுத்தம். அவள் மகளை ஏற்றிவிட்டால் வண்டி நேரே மெயின் ரோட்டுக்குப் போய்விடும். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு. காவ்யா நம்பரைத் தேடி அழைத்தேன்.

"அக்கா, வேன் இப்பதான் தெருவுக்குள்ள திரும்புது. என்னக்கா?"

"நிறுத்தும்மா. சாவியைப் புடுங்கிக்கோ. அவர வண்டி எடுக்க உடாத."

"ஏன்க்கா, என்னாச்சு?"

பிரேக் சரியில்லை என்று ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது. பிரஷர் என்று சொன்னால் நாளைக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? அந்த வேன்தான் எங்கள் சோறு. ஆனால் பிரேக் என்றால் இவர் மிதித்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாரே!

"பிரஷர் மாத்திரைய டபுளா போட்டுகினு வண்டி ஓட்றாரும்மா. எப்ப சாய்வாருன்னு தெரியல. புள்ளைங்க கீது உள்ள!"

தடதடவென்று அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேன் கேட்டுக்கு நேராக நின்றது. சாவி காவ்யா கையில். அம்மாமார் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். இவர் டிரைவர் சீட்டில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாமே, ஊரக் கூட்டி என் மானத்த வாங்குறியா? எனுக்கு இன்னா கொறச்சல்? நல்லாத்தான் கீறேன்!"

கத்திக்கொண்டே இறங்கினார். கால் தரையில் பட்டது, அவ்வளவுதான். கண் செருகி அப்படியே என்மேல் சரிந்தார். ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் வேனுக்குள் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

காவ்யா தன் மாமனாரின் பிரஷர் மிஷினை எடுத்துவந்து கையில் சுற்றினாள். "எண்பதுக்கு ஐம்பதுதான்க்கா" என்றாள். பிரஷர் பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். கண் விழித்ததும் அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன்.

"நல்லவேளை, ரோட்டுல இருக்கும்போது விழல" என்றார் டாக்டர். "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க. திரும்ப எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன்."

சலைன் ஏறி முகம் கொஞ்சம் தெளிந்ததும் இவர் கேட்ட முதல் வார்த்தை, "புள்ளைங்க?"

"அவங்கவங்க அம்மாவே கொண்டுபோய் உட்டுட்டாங்க. இன்னாத்துக்குயா அத்தனையும் முழுங்குன?"

"ரெண்டு குடுத்துகினு இருந்தவரு திடீர்னு ஒண்ணாக்கிட்டாரு. பாதி மருந்துதான் குடுக்குறாருன்னு நெனச்சேன். நம்ம வேம்புலிய பாத்தல்ல?"

வேம்புலி இவருடைய கூட்டாளி. மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆட்டோ ஓட்டும்போதே பக்கவாதம் வந்து விழுந்தவன். இன்னும் வாய் குழறுகிறது.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பிரேக்கு கிரேக்குன்னு எதுனா சொல்லியிருக்கலாம்ல? இனிமே எவ புள்ளைய அனுப்புவா?"

"வண்டில புள்ளைங்க கீதேன்னுதான்யா சொன்னேன்."

ஊசி குத்தாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கோசரந்தான்மே நானும் முழுங்குனேன்."