மஞ்சளாய் எரிந்த ஹைட்ரஜன்

மாலைநேர டிப்ளமோவின் கடைசி புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, தாரை ஹைட்ரஜனாக்குவது. கொட்டாங்குச்சியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரிவாயுவோடு கறுப்புத் தாரும் வரும். அதோடு நீராவி சேர்த்து, நிக்கல் வினையூக்கி நிரப்பிய சூடான குழாய் வழியே அனுப்பினால் தார் உடைந்து ஹைட்ரஜன் கிடைக்கும். புத்தகத்தில் இவ்வளவுதான்.

எருமப்பட்டியில் பகலில் நான் வேலை பார்க்கும் கோழிப்பண்ணையின் முதலாளி அன்பரசு அண்ணன் இடமும் இரும்பும் தந்தார். தேறினால் டிப்ளமோ. தவறினால் இன்னொரு வருடம்.

தேர்வுக்கு முந்தைய நாள் ஓட்டிப் பார்த்தேன். குழாய் முனையில் வைத்த வடிகட்டிப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. தார் இல்லை. என் கண்ணை நான் சுலபத்தில் நம்புவதில்லை என்பதால் பஞ்சை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு வாயுவைப் பற்றவைத்தேன். வெயிலில் சுடரே தெரியவில்லை. மேலே நீட்டிய காகிதம் மட்டும் கருகியது.

"ஏம்புள்ள, தீ எங்க?" என்றார் அண்ணன்.

"எரியுதுங்ணா. ஹைட்ரஜன் பகல்ல கண்ணுக்குத் தெரியாதுங்க."

"நாளைக்குப் பண்ணைக்காரங்க அத்தன பேரும் வாராங்க. வந்து என்னத்தப் பாக்கறது, உன்ற மூஞ்சியவா?"

மறுநாள் காலை மெஷினுக்குப் பூஜை. எந்த மெஷின் வந்தாலும் அதில் முதலில் போடுவது தன் பண்ணைச் சரக்காக இருக்க வேண்டும் அண்ணனுக்கு. நான் சந்தனம் கரைத்துக்கொண்டு வருவதற்குள், காய்ந்த கோழி எருவைக் கூடை கூடையாக உலைக்குள் கொட்டியிருந்தார்.

"அண்ணா! அதுல கந்தகம் இருக்குதுங்க. நிக்கலக் கெடுத்துப்போடும்."

"எங்கோழி சுத்தமான தீவனந் திங்குது. உன்ற நிக்கலு அதவிட ஒசத்தியா?"

சேலத்திலிருந்து வெளித்தேர்வாளர் பிரான்சிஸ் சார் வந்து சேர்ந்தபோது பஞ்சு கறுத்திருந்தது. வினையூக்கி செயலிழந்து, தார் அப்படியே குழாயில் வந்துகொண்டிருந்தது. அண்ணனே தீக்குச்சி கிழித்தார். முழ உயரத்துக்கு மஞ்சள் சுடர் எழுந்தது, அதற்கு மேல் கரும்புகை. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிரான்சிஸ் சார் சுடர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, செய்முறைக்கு முழு மதிப்பெண் போட்டார். அடுத்தது வாய்மொழித் தேர்வு.

"என்னம்மா எரியுது இங்க?"

ஹைட்ரஜன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊரெல்லாம் கைதட்டும்போது ஒருவேளை நான்தான் தவறோ என்றும் தோன்றியது. பஞ்சை மறுபடி பார்த்தேன்.

"தாருங்க சார். வினையூக்கி கெட்டுப்போச்சுங்க. ஹைட்ரஜனா இருந்தா சுடர் தெரியாதுங்க."

"தெரியாத தீக்கு மெஷின் எதுக்குங்க? எங்கூட்டு அடுப்புல தெனமும் அதுதான் எரியுது!" என்றார் ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர். பந்தலே சிரித்தது.

சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிப்பு கண்ணத் தொறக்கணும்மா. கண்ணு முன்னாடியே எரியுது, இல்லைங்கிறியே!"

செய்முறையில் முழு மதிப்பெண். அதே செய்முறையைப் பற்றிய வாய்மொழியில் தோல்வி. இன்னொரு வருடம்.

இதே மெஷின் தங்களுக்கும் வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள், புகையும் குறையக் கூடாதாம். நடுவிலிருந்து அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"உடு சாமி. அடுத்த வருசம் நீ வாயத் தொறக்காத. பதில நாஞ் சொல்லிக்கறேன்."