குந்தாத வண்டி

பிக்கப் வண்டி காலியாக நிற்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கலாகத் தெரியும். அது கோளாறு இல்லை. பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து வண்டி மட்டத்துக்கு வரட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றி ஏற்றி, தீனாவின் வண்டியில் பின்சக்கரத்து வில் பட்டைகள் வளைவை இழந்து தளர்ந்துவிட்டன. கருங்கல் ஏறினால் பின்பக்கம் அப்படியே உட்காரும். முகப்பு விளக்கு சவுக்கு மரங்களின் உச்சியில் அடிக்கும்.

"இன்னா மச்சான், உன் வண்டி எப்பப் பாரு வெளிக்குக் குந்திகினு கீது?" என்று பட்டறையில் கல் கொத்தும் கார்த்தி கேலி செய்வான். தீனாவும் சேர்ந்து சிரிப்பான், மாமனாரின் போன் வரும்வரை.

தீனா கடலோரக் குப்பத்துக்காரன். அவன் மனைவி காயத்ரி திருக்கழுக்குன்றம் பக்கம், உழவுக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய அப்பா சுப்பிரமணி மருமகன் முகத்தில் விழித்ததில்லை. பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. இப்போது அவர் ஊர் அம்மன் கோயிலுக்கு மாமல்லபுரத்தில் புதுச் சிலை தயாராகியிருந்தது. மகளிடம் பேசினார்.

"அவன் வண்டியிலியே எடுத்தாரச் சொல்லு. நம்ம வண்டி இருக்கறப்ப வெளி வண்டி எதுக்கு? அப்பிடியே வூட்ல சாப்ட்டுப் போகட்டும்."

காயத்ரி போனை வைக்காமலே நின்றாள். "நம்ம வண்டின்னாருய்யா."

மறுநாளே தீனா செங்கல்பட்டில் மெக்கானிக் கலையரசனின் பட்டறைக்குப் போனான். "ஊரே நின்னு பாக்கும்ணாத்த. அம்மன வெச்சிகினு நாயாட்டம் குந்தக் கூடாது."

"குந்தாது. நிமித்திடலாம்."

பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகு விற்கள். ஒரு பட்டை கூடினால் அடுக்கு அவ்வளவு விறைக்கும். கலையரசன் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டை ஏற்றினார். பிறகு தீனாவைக் கீழே குனியச் சொல்லி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார்.

பிரேக்கை மிதிப்பவர் கால் ஒன்றுதான். ஆனால் பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிடி போக வேண்டும் என்பது பாரத்தைப் பொறுத்தது. காலி வண்டியில் அதிகம் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பாரம் இருக்கும்போது குறைவாகப் பிடித்தால் வண்டி நிற்காது. பாரம் இருக்கிறதா இல்லையா என்று வால்வுக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். வண்டி தாழ்ந்தால் கம்பி மடங்கும். வால்வு திறந்து பின்சக்கரம் இறுகும். இனி இந்த வண்டி தாழாது. கல் ஏறினாலும் கம்பி, வண்டி காலி என்றே சொல்லும்.

"லோடு ஏத்தினாதான் இத்த அளவு வெக்க முடியும். அம்மன ஏத்திகினு நேரா இங்க வந்துடு."

"அம்மன ஒர்க்‌ஷாப்புக்கா? இன்னாண்ணாத்த பேசற!"

"அப்ப வேற எதனா கல்லு ஏத்திகினு வா."

கல் ஏற்ற நேரமில்லை. திரும்பும் வழியில் தீனா இரண்டு முறை சட்டென்று மிதித்துப் பார்த்தான். வண்டி அம்சமாக நின்றது. காலி வண்டியில் கம்பி பொய் சொல்லாது என்பதை அவன் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் காட்டி, வைக்கோலும் சாக்கும் பரப்பி, அம்மனை மல்லாக்கப் படுக்க வைத்துக் கட்டினார்கள். பூஜை போட்டுப் புறப்பட்ட சிலை வழியில் எங்கும் நிற்கக் கூடாது. நேரே ஊருக்குப் போக வேண்டும். கார்த்தி சுற்றி வந்து பார்த்தான். "மாப்ள முறுக்கு வண்டிக்கும் வந்துடுச்சி. ரசமட்டம் வெச்ச மாரி கீதுடா."

காயத்ரி முன்சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, முன்னால் போன பேருந்து நிறுத்தத்தில் நின்றது. தீனா வழக்கமான தூரத்தில் மிதித்தான். முன்பக்கம் முங்கியது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பேருந்திலிருந்து ஒரு பெண் பிள்ளையோடு இறங்கினாள். அவன் இடதுபக்கம் ஒடித்தான். சக்கரம் பள்ளத்தில் இடித்து நின்றது. பின்னால் கயிறு அறுந்து, கல் இரும்பில் மோதும் சத்தம் கேட்டது.

யாருக்கும் அடியில்லை. அபய முத்திரை காட்டிய அம்மனின் வலக்கையில் இரண்டு விரல் இல்லை.

தீனா வண்டியைப் பள்ளத்திலிருந்து ஏற்றி ஊருக்கே ஓட்டினான். ஊர் எல்லையில் மேளத்தோடு காத்திருந்தார்கள். "வண்டி எவ்ளோ மட்டமா வருது பாரேன்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார். பூசாரி மேலே ஏறிச் சாக்கை விலக்கினார். மேளம் நின்றது.

"பின்னமாயிடுச்சி. கோயிலுக்கு ஆவாது."

சுப்பிரமணி திட்டவில்லை. சற்றுத் தள்ளி, அவர் வீட்டு வாசலில் மாமியார் சம்பூர்ணம் வாழை இலைக் கட்டோடு நின்றிருந்தாள். அவர் அவளை உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தார். பிறகு தீனாவைப் பார்க்காமல் மகளிடம் பேசினார்.

"திருப்பி எடுத்துகினு போகச் சொல்லு. கடல்ல வுட்டுடட்டும்."

"அப்பா, முன்னால போன பஸ்ஸு நின்னுடுச்சி. இவரு மேல தப்பு..."

"பஸ்ஸு நின்னுச்சி. உன் வூட்டுக்காரன் வண்டிதான் நிக்கல."

மத்தியானம் குப்பத்து ஆட்கள் நாலு பேர் உருளைக்கட்டை வைத்து அம்மனைப் படகுக்கு மாற்றினார்கள். படகு அலை தாண்டிப் போனது. காயத்ரி மணலில் உட்கார்ந்து புடவை மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பாரம் இறங்கிய வண்டியின் பின்பக்கம் முன்பைவிட உயரமாக எழும்பி நின்றது. தீனா அதன் அடியில் படுத்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். காலையில் பாரத்தோடு சொன்னதையேதான் இப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது சொன்னது சரி. வண்டி காலி.