கழுத்தை மடிக்கும் ஆமை

வேலையோடு விசாவும் போய் ஊர் திரும்பும் ஹபீஸா வீட்டு மூவிங் சேலில் சோபா போனது, டிவி போனது, கிரைண்டர் மரகதத்தின் சமையல்மேடைக்கே வந்துவிட்டது. அவர்கள் வளர்த்த ஆமையை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. எப்படிச் சீண்டுவார்கள்? ஹபீஸாவின் புருஷன் பசீர் அகமதுவுக்கு வேலை போன அன்றைக்கே, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று இர்விங் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட புண்ணியவதி மரகதம்தான்.

யார் வீட்டு விசா என்ன ஆனது, யார் மகனுக்கு எந்தக் காலேஜ் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அவள் வாய்வழியாகத்தான் ஊருக்குப் போகும். ஆனால் போன திங்கட்கிழமை தன் புருஷன் வெங்கடாசலத்துக்கும் வேலை போனதை மட்டும் அவள் மூச்சுவிடவில்லை. அவரும் தினமும் இஸ்திரிச் சட்டை போட்டு, ஆபீஸில் அடையாளக் கார்டைப் பிடுங்கிக்கொண்ட வெறும் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காரில் எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். எல்லாம் அவள் ஏற்பாடு. இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் ஒரு பல்லிகூட நுழைந்ததில்லை.

"அக்கா, எங்க கார வித்தாச்சு. ஆத்தங்கரை வரைக்கும் டிராப் பண்றீங்களா? இத விட்டுட்டு வந்துடறேன்" என்று பிளாஸ்டிக் தொட்டியோடு வந்து நின்றாள் ஹபீஸா. குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பெட்டி கட்டிக் கட்டி எல்லாமே தீர்ந்துபோயிருந்தது. மரகதம் தன் காரை எடுத்தாள். பின்சீட்டில் ஹபீஸாவின் மகள் மஹா தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி அழுதுகொண்டே வந்தாள்.

டிரினிட்டி ஆறு ஆறிப்போன டீ நிறத்தில் கிடந்தது. கட்டையில் வெயில் காய்ந்த உள்ளூர் ஆமைகள் ஆளைக் கண்டதும் தொப்தொப்பென்று குதித்தன. ஹபீஸா கரையில் வைத்தது குதிக்கவில்லை. நீளக் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்கடியில் செருகிக்கொண்டது. ஒரு கண் மட்டும் வெளியே பார்த்தது.

"தலைய உள்ள இழுக்கத் தெரியாதா இதுக்கு?" என்றாள் மரகதம்.

"இட் கான்ட், ஆன்ட்டி. இதோட ரிவர் அமேசான். இங்க விட்டா, விண்டர்ல இட் வில் டை" என்றாள் மஹா.

ஹபீஸா மகளைப் பார்க்கவில்லை. "நான் என்னடி பண்ணட்டும்? நம்மளையே இங்க இருக்க விடல."

அந்த ஒற்றைக் கண் தன்னையே வேவு பார்ப்பதுபோல் இருந்தது மரகதத்துக்கு. வேவு அவள் தொழில், அவளுக்குத் தெரியாதா? குனிந்து ஆமையைத் தூக்கித் தொட்டியில் போட்டாள்.

"எங்க வீட்ல இருக்கட்டும்."

"நீங்கதானேக்கா குரூப்ல போட்டீங்க…"

"போட்டேன். அதுக்கென்ன இப்ப? வர்றது ஆமைக்கு முன்னாடியே வந்தாச்சு." பிறகு, மெதுவாக, "நாங்க இருக்கற வரைக்கும் வச்சுக்கறேன்."

ஹபீஸா தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பார்க்கிங்கில் மரநிழலில் நின்ற அந்தக் காரை வரும்போது மரகதம் கவனிக்கவில்லை. இஸ்திரிச் சட்டை, கழுத்தில் நாடா, மடியில் காலையில் அவள் கட்டிக்கொடுத்த தயிர்சாத டப்பா. இரண்டு பெண்களையும் கண்டதும் வெங்கடாசலம் மெல்லக் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காரின் உள்கண்ணாடியில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.